ஒன்பது சட்டைகளும் ஒரு சிட்டிகை மஞ்சளும்

தனக்கு எல்லாம் தெரியும் என்று ஒருவன் நம்பிக்கொண்டிருக்கும் காலத்தில் அவனிடம் யாரும் சந்தேகம் கேட்கக் கூடாது. பதில் சொல்லிவிடுவான். எனக்கு அந்தக் காலம் பல வருடங்களுக்கு முன்னால், இத்தாலியில், பலேர்மோ நகரத்தில் வந்தது. அப்போது நான் பத்தொன்பதாம் நூற்றாண்டு பேஸ்பால் அணி ஒன்றின் சீருடையைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன்.

(தெரியும். ஊரில் இதைச் சொன்னதும் எல்லோரும் "எதைப் பத்தி?" என்று இன்னொரு முறை கேட்பார்கள். என் மாமா மூன்றாவது முறையும் கேட்டுவிட்டு, "சரி, உடம்பைப் பாத்துக்க" என்று போனை வைத்துவிட்டார்.)

நான் ஈரோட்டுக்காரன். துணியைப் பற்றிப் படித்தவன். பழைய துணிகளைப் பாதுகாப்பதற்கென்றே ஒரு படிப்பு இருப்பது தெரியவந்து, அதைத் துரத்திக்கொண்டு பலேர்மோ வரை வந்து சேர்ந்தேன். பேஸ்பால் ஆடியதில்லை. அந்த மட்டையைக் கையில் பிடித்ததுகூட இல்லை. ஆனால் அதை ஆடியவர்கள் என்ன உடுத்திக்கொண்டு ஆடினார்கள் என்று கேட்டால் அரைமணி நேரம் மூச்சு விடாமல் பேசுவேன். கொளுத்தும் வெயிலிலும் கம்பளிச் சட்டைதான். சட்டையின் முன்பக்கம் கேடயம்போல ஒரு துணிப்பட்டை இருக்கும், சுற்றிலும் பொத்தான் வைத்து மாட்டுவார்கள். முழங்காலோடு நின்றுவிடும் கால்சட்டை. அதற்குக் கீழே நீளமான கம்பளிக் காலுறை. முதுகில் எண் கிடையாது, பெயர் கிடையாது. தூரத்தில் இருப்பவர் எந்த அணி என்று கண்டுகொள்வது பெரும்பாலும் காலுறையின் நிறத்தை வைத்துத்தான். இந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என் மானம் போனது அந்தக் காலுறையால்தான்.

சிசிலித் தீவுக்கும் பேஸ்பாலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், எலுமிச்சம்பழம். அந்தக் காலத்தில் பலேர்மோவிலிருந்து கப்பல் கப்பலாக எலுமிச்சம்பழம் அமெரிக்காவுக்குப் போனது. பழத்தோடு ஆட்களும் போனார்கள். அங்கே ஒரு துறைமுகத்தில் பழப்பெட்டி இறக்கிய ஒன்பது பேர் சேர்ந்து அணி கட்டி, படமும் எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் படத்தோடு ஊர் திரும்பிவிட்டார். பக்கத்து ஊரான பகேரியாவில், அவருடைய கொள்ளுப்பேத்தியின் வீட்டில் அந்தப் படம் இருந்தது. பலேர்மோவில், கடல் தாண்டிப் போனவர்களின் நினைவுக்காக நடக்கும் ஒரு சின்ன அருங்காட்சியகம் அதைக் கண்காட்சிக்குக் கேட்டது. படத்தில் உள்ளதுபோலவே சீருடை தைத்து, ஒன்பது பேருக்கு மாட்டி, அந்தக் காலத்து முறையிலேயே கண்ணாடித் தகட்டில் புதிதாக ஒரு படம் எடுக்க வேண்டும். பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட வேண்டும். இதுதான் திட்டம். இதற்காக என்னைச் சில மாத ஒப்பந்தத்தில் எடுத்திருந்தார்கள்.

ஒப்பந்தம் முடிகிற நேரத்திலேயே என் பெர்மெஸ்ஸோவும் முடியவிருந்தது. பெர்மெஸ்ஸோ என்பது இங்கே தங்குவதற்கான அனுமதி அட்டை. வெளிநாட்டுக்காரன் காலையில் கண் விழித்ததும் கடவுளுக்கு முன்னால் அதைத்தான் நினைப்பான். அருங்காட்சியக இயக்குநர் அம்மையார் ஒப்பந்தத்தை நீட்டித்துக் கையெழுத்துப் போட்டால்தான் நான் குவெஸ்தூராவுக்குப் போய், அதாவது போலீஸ் தலைமை அலுவலகத்துக்குப் போய், வரிசையில் நின்று அதைப் புதுப்பிக்க முடியும். "படம் நன்றாக வரட்டும், போடுகிறேன்" என்றிருந்தார் அவர். வராவிட்டால் ஈரோடு. ஈரோட்டுக்குத் திரும்புவதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. திரும்பிப் போய், எதைப் பற்றி ஆராய்ந்தேன் என்று மாமாவிடம் நான்காவது முறையாகச் சொல்ல வேண்டுமே, அதுதான் கஷ்டம்.

படத்தைப் பார்ப்பதற்காகப் பகேரியாவுக்கு ரயிலேறினேன். அதன் சொந்தக்காரர் சிஞ்ஞோரா கொஞ்செத்தா, பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். (சிஞ்ஞோரா என்றால் இங்கே அம்மையார், மேடம் என்பதுபோல.) அவர் காபி கொடுத்த தோரணையிலேயே, குடித்து முடித்ததும் வீட்டுப்பாடத்தைக் காட்டச் சொல்வார் என்று தோன்றியது. படத்தை மேசையில் வைத்தார். ஒன்பது மீசைகள். வெளுத்த சட்டைகள், அதே வெளுப்பில் மார்புப் பட்டைகள். கால்களில் மட்டும் கறுகறுவென்று காலுறைகள். ஓரமாக நின்று மட்டையை ஊன்றிக்கொண்டிருந்தவர்தான் கொள்ளுத்தாத்தா.

"காலுறை மஞ்சள் நிறம்" என்றார் சிஞ்ஞோரா. "எலுமிச்சை மஞ்சள். கொள்ளுத்தாத்தா என் அப்பாவிடம் சொன்னார். அப்பா என்னிடம் சொன்னார். அவர்கள் எலுமிச்சைக்காரர்கள், வேறு என்ன நிறம் போடுவார்கள்?"

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே ஒன்று வைக்கலாமா என்று இருக்கிறது. பிறகு பாடம் நடத்த ஆரம்பித்தேன். அந்தக் காலத்துத் தகடு நம் கண்ணைப்போலப் பார்க்காது, சிஞ்ஞோரா. நீலத்தை வெள்ளையாகக் காட்டும். சிவப்பையும் மஞ்சளையும் கறுக்க வைக்கும். ஆனால் எலுமிச்சை மஞ்சள் வெளிர் நிறம் அல்லவா? அது சாம்பல் நிறத்தோடு நின்றுவிடும். இவ்வளவு கறுக்க வேண்டுமென்றால் அடர் சிவப்பாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

(புத்தகத்தில் இருந்தது 'சிவப்பும் மஞ்சளும் கறுக்கும்' என்பது வரைக்கும்தான். 'வெளிர் மஞ்சள் சாம்பலோடு நின்றுவிடும்' என்பது என் சொந்தச் சரக்கு. அதைச் சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டேன். அப்படிச் சொன்னால் புத்தகத்தில் இருப்பதுபோலவே கேட்கும்.)

"நீ அங்கே இருந்தாயா?" என்று கேட்டார் சிஞ்ஞோரா.

"இல்லை."

"என் கொள்ளுத்தாத்தா இருந்தார்."

"மனிதர்களின் ஞாபகம் மாறும், சிஞ்ஞோரா. தகட்டில் இருக்கும் வெள்ளி உப்பு மாறாது" என்றேன். இந்த வாக்கியம் எனக்கே மிகவும் பிடித்துப்போய், ரயிலில் திரும்பி வரும்போது இரண்டு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

சிஞ்ஞோரா விடவில்லை. என் வீட்டு ஆளுக்குச் சிவப்புக் காலுறை மாட்டினால் படத்தைத் தரமாட்டேன் என்று இயக்குநரிடம் சொல்லிவிட்டார். இயக்குநர் என்னைப் பார்த்தார். நான், சிவப்புக் காலுறையோடு புதிய படத்தை எடுப்போம், அந்தக் கறுப்பைப் பார்த்தால் சிஞ்ஞோரா தானாகவே சமாதானமாகிவிடுவார் என்று வாக்குக் கொடுத்தேன். சோதனைக்கு ஒரு தகடு எடுத்துப் பார்க்கலாமா என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டியது எனக்குத்தான்.

அப்போது நான் பலேர்மோவின் சீசா வட்டாரத்தில் ஜெசிந்தா அக்கா வீட்டில் ஒரு அறையில் குடியிருந்தேன். அக்காவும் அவர் கணவர் அன்ரன் அண்ணையும் யாழ்ப்பாணத்துத் தீவுப்பக்கம். அக்கா ஒரு இத்தாலிய அம்மையார் வீட்டில் வேலை செய்துகொண்டே, கோயில் பாடகர் குழுவுக்கு உடுப்பும் தைப்பார். (அவர்கள் கத்தோலிக்கர்கள். கோயில் என்றால் மாதா கோயில்.) ஒன்பது சீருடையையும் அவரே தைத்துத் தந்தார். காலுறைகளை மட்டும் நான் வெள்ளைக் கம்பளியில் வாங்கி, அடர் சிவப்பில் சாயம் போட்டுவந்தேன். முதல் சட்டையை உயர்த்திப் பிடித்துப் பார்த்துவிட்டு அக்கா கேட்டார்:

"தம்பி, இந்த வெக்கைக்குள்ளை கம்பளியைப் போட்டுக்கொண்டே ஓடினவை?"

"ஆமாக்கா."

"பாவம், ஒருத்தரும் அவையளுக்குச் சொல்லேல்லைப் போல."

போட்டுக்கொள்ள ஆட்கள் வேண்டுமே? அதற்குத்தான் அன்ரன் அண்ணை. கோயில் கிரிக்கெட் அணிக்கு அவர்தான் கப்டன். விஷயத்தைச் சொன்னதும் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். "ஓம் தம்பி, நாங்கள் பதினொரு பேர் இருக்கிறம். ரெண்டு பேரை நிப்பாட்டவேணும், அதுதான் சண்டை வரப்போகுது" என்றார். சண்டையும் வந்தது. அதை விட்டுவிடுகிறேன்.

படம் எடுக்கிற ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலையிலேயே ஈரோட்டிலிருந்து அம்மா வீடியோவில் வந்தார். கட்டில்மேல் அடுக்கியிருந்த சட்டைகளைக் காட்டினேன். அம்மா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார்.

"எல்லாம் புதுத்துணியா கண்ணு?"

"ஆமாம்மா, இன்னிக்குத்தான் போடறாங்க."

"மஞ்ச வெச்சியா?"

"அம்மா, இது மியூசியத்துத் துணி."

"மியூசியத்துத் துணின்னா புதுசில்லையா? மஞ்ச வெக்காமப் புதுத்துணி போடக் கூடாது சாமி. உன்ற பெர்மிசன் வேற இதுலதான் இருக்குதுங்கற. ஒரு பொட்டு வெச்சா உனக்கென்ன கொறஞ்சா போயிரும்?"

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. நான் விஞ்ஞானி. ஆனால் 'பெர்மிசன்' என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்து அடுக்களைக்குப் போனேன். அங்கே தமிழ்க்கடை மஞ்சள்பொடி இருந்தது. ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் குழைத்தேன். எங்கே வைப்பது? ஊரில் துணியின் ஓரத்தில் வைப்போம். ஆனால் இதில் ஓரத்தில் வைத்தால் இயக்குநரின் கண்ணில் பட்டுவிடும். ரொம்பவும் யோசித்து, மார்புப் பட்டையைக் கழற்றி, அதன் உள்பக்கத்தில் நட்டநடுவில் ஒவ்வொரு பொட்டாக வைத்தேன். பொத்தானைப் போட்டால் யாருக்கும் தெரியாது. கால்சட்டைகளுக்கு இடுப்புப் பட்டியின் உள்ளே வைத்தேன். காலுறைகளைக் கையில் எடுத்தேன். சே, சாக்ஸுக்குப் போய் யாராவது மஞ்சள் வைப்பார்களா என்று திரும்ப வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

குளித்துவிட்டு வந்தால் ஜெசிந்தா அக்கா சட்டைகளை மேசைமேல் போட்டுச் சூடாக அயன் பண்ணிக்கொண்டிருந்தார். ஆவி பறந்தது.

"தம்பி, உடுப்புகளுக்குத் தீர்த்தம் தெளிச்சு விட்டனான். சாந்தா ரொசாலியாவின்ரை மலையிலை இருந்து கொண்டுவந்த தீர்த்தம். உங்கடை பெர்மெஸ்ஸோ விஷயம் எல்லே, அதுதான். போத்தில் வழுக்கிக் கொஞ்சம் கூட ஊத்துப்பட்டுப் போச்சு. பயப்பிடாதேங்கோ, இப்ப காஞ்சிடும்."

கொஞ்சம் கூட என்றால், முழுப் போத்தில். தெளிக்கவில்லை, குளிப்பாட்டியிருந்தார். எனக்காகத்தான் செய்தார் என்று நினைத்து நெகிழ்ந்துபோய் நன்றி சொன்னேன். கம்பளி, மஞ்சள், ஈரம், சூடு. எங்கள் ஊர்ச் சாயப்பட்டறையில் செய்வதும் இதைத்தான். பட்டறைகளுக்கு நடுவில் வளர்ந்து, சாயமேற்றுவதைப் பாடமாகவும் படித்த நான் அங்கே துண்டைக் கட்டிக்கொண்டு நின்று நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

படம் எடுப்பதற்குச் சியாகுல்லியில் ஒரு மாண்டரின் தோட்டம் ஏற்பாடாகியிருந்தது. நகரத்தின் விளிம்பில் இருக்கிறது சியாகுல்லி, கடைசியாகப் பழுக்கும் மாண்டரின் ஆரஞ்சுக்குப் பேர்போன இடம். அன்ரன் அண்ணை அங்கேதான் வேலை செய்தார். தோட்டத்து முதலாளி பின்னால் இருந்த வெளியைக் கொடுத்திருந்தார். படம் எடுப்பவர் வேறு ஊரிலிருந்து வேனையே இருட்டறையாக்கிக் கொண்டு வந்திருந்தார். மாலைக்குள் அவர் திரும்பிப் போக வேண்டும். இயக்குநர் வந்தார். சிஞ்ஞோரா கொஞ்செத்தா பழைய படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து, நாற்காலி கேட்டு வாங்கி நடுவில் போட்டு உட்கார்ந்தார். ஜெசிந்தா அக்கா பொத்தான் அறுந்தால் தைப்பதற்கு ஊசிநூலோடு நின்றார்.

ஒன்பது பேரும் உடுத்திக்கொண்டு வந்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. கொள்ளுத்தாத்தாவின் இடத்தில் அன்ரன் அண்ணை. மட்டையை ஊன்றச் சொன்னால், அவர் கிரிக்கெட் மட்டைபோலத் தரையில் தட்டிக்கொண்டு குனிந்து நின்றார். சிஞ்ஞோரா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"என் கொள்ளுத்தாத்தாவுக்கு இவ்வளவு வயிறு கிடையாது."

அன்ரன் அண்ணைக்கு இத்தாலியன் நன்றாகத் தெரியும். "அவர் பெட்டி இறக்கினவர், சிஞ்ஞோரா. எனக்கு என்ரை மனிசி சமைக்கிறா" என்று அதே பாஷையில் பதில் சொன்னார். சிஞ்ஞோராவுக்கு அவரைப் பிடித்துவிட்டது.

வரிசையைச் சரிசெய்துகொண்டே போகும்போதுதான் ஒரு பட்டையின் நடுவில் ஏதோ லேசாகத் தெரிகிற மாதிரி இருந்தது. பாலில் ஒரு சொட்டு டீ விழுந்தால் இருக்குமே, அந்த அளவு. அடுத்த பட்டையிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும். ஈரத்தில் மஞ்சள் இந்தப் பக்கம் ஊறிவிட்டது என்று புரிந்தது. கறுப்பு வெள்ளைப் படம்தானே, இவ்வளவு வெளிர் மஞ்சள் எங்கே தெரியப்போகிறது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். ஆமாம், பகேரியாவில் பாடம் நடத்திய அதே ஆள்தான்.

தகடு தயாரானது. மூச்சைப் பிடித்துக்கொண்டு சில நொடிகள் அசையாமல் நிற்க வேண்டும். நின்றார்கள். அந்த நொடிகளில் தோட்டமே நின்றது. எனக்கு அந்த அமைதி பிடித்திருந்தது. நூறு வருடத்துக்கும் முன்னால் இன்னொரு கரையில் ஒன்பது பேர் இப்படித்தானே, ஊர் விட்டு ஊர் வந்து, இரவல்போலத் தோன்றும் புது உடுப்பில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இன்னொரு தகடும் எடுத்துவிடலாம் என்றார் படக்காரர். எடுத்தார். வேனுக்குள் போனார். ஒரு தட்டில் திரவத்தோடு தகட்டைக் கொண்டுவந்து எங்கள் முன்னால் வைத்தார். எல்லோரும் சுற்றிக் குனிந்தோம்.

முதலில் நீலம் பூத்த ஏதோ ஒன்று. பிறகு மெல்ல மெல்லத் திரை விலகி முகங்கள் வந்தன. கண்கள் வந்தன. மரத்தில் மாண்டரின் பழங்கள் கரித்துண்டுகளாகத் தொங்கின. காலுறைகள் நான் சொன்னபடியே கறுத்து வந்தன. "பார்த்தீர்களா?" என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அப்போது நெஞ்சுகள் வந்தன. ஒன்பது வெள்ளை நெஞ்சிலும், நட்டநடுவில், ஒரே அளவில், மை கொட்டியதுபோல ஒன்பது கறுப்பு ஓட்டைகள்.

முதலில் பேசியது அன்ரன் அண்ணை. "என்ன தம்பி, எங்களை வரிசையிலை விட்டுச் சுட்டுப் போட்டியளோ?"

கிரிக்கெட் அணி சிரித்தது. இயக்குநர் சிரிக்கவில்லை. அவருடைய முகம் தகட்டைவிட வெளுத்திருந்தது.

"பலேர்மோவிலிருந்து அமெரிக்கா போன ஒன்பது பேர்" என்றார் மெதுவாக. "எல்லோர் நெஞ்சிலும் ஓட்டை. இதை நான் வாசலில் மாட்ட வேண்டும். வெளியூர்க்காரர்கள் பார்த்துவிட்டு என்ன சொல்வார்கள்? இந்த ஊரைப் பற்றி அந்த ஒரே மாஃபியாக் கதையைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய்த்தான் நான் இந்த அருங்காட்சியகத்துக்கே வந்தேன்."

இரண்டாவது தகடும் வந்தது. அதிலும் அதே ஒன்பது. படக்காரர் தன் மருந்தில் ஒரு குறையும் இல்லை என்று சத்தியம் செய்தார். "நான் எடுப்பதெல்லாம் முகங்கள். இப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பெர்மெஸ்ஸோ என் கண் முன்னால் கால் முளைத்து நடந்துபோனது. ஓடிப் போய் மாண்டரின் மரத்தில் ஏறிக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தேன்.

"அது குர்குமா" என்றேன். மஞ்சளுக்கு இத்தாலியனில் அதுதான் பெயர்.

"சமையலுக்குப் போடுவதா?"

"ஆமாம்."

"அருங்காட்சியகத்துச் சீருடையில் அதை யார் வைத்தது?"

"நான்தான்."

"ஏன்?"

வரலாறு, பண்பாடு, சடங்கு என்று ஏதேதோ வாக்கியங்கள் மனசுக்குள் ஓடின. எல்லாவற்றையும் விட்டுவிட்டு, "அம்மா சொன்னாங்க" என்பதை இத்தாலியனில் சொன்னேன்.

இந்தப் பதிலுக்கு வேறு எந்த நாட்டில் என்ன நடந்திருக்குமோ தெரியாது. சிசிலியில் படக்காரர் தலையை ஆட்டிக்கொண்டார். சிஞ்ஞோரா, "அம்மா சொன்னால் பையன் என்ன செய்வான்?" என்றார். இயக்குநர் பல்லைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். இந்த நேரத்தில் ஜெசிந்தா அக்காவுக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது.

"தம்பியிலை மட்டும் பிழை இல்லை" என்று முன்னால் வந்தார். "நானும் தண்ணி தெளிச்சனான். அதுதான் ஊறிப்போச்சு."

"என்ன தண்ணீர்?" என்றார் இயக்குநர்.

"சாந்தா ரொசாலியாவின்ரை தீர்த்தம்."

சாந்தா ரொசாலியா பலேர்மோவைக் காக்கிற புனிதை. பலேர்மோக்காரர் யாரும் அவரைப் பற்றித் தப்பாக ஒரு சொல் பேசமாட்டார்கள். என் அம்மாவையும் திட்ட முடியாது, சாந்தா ரொசாலியாவையும் திட்ட முடியாது. மிச்சம் இருந்தது நான் ஒருவன்தான். இயக்குநர் ஆரம்பித்தார். வேகமான இத்தாலியனில் வந்ததால் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதியே போதுமானதாக இருந்தது.

அவர் மூச்சு வாங்குவதற்காக நிறுத்தியபோது ஒரு பொத்தான் கழன்ற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தோம். சிஞ்ஞோரா கொஞ்செத்தா நாற்காலியை விட்டு எழுந்து, அன்ரன் அண்ணையின் மார்புப் பட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். அதை வெயிலில் பிடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு தகட்டைப் பார்த்தார். மறுபடியும் பட்டையைப் பார்த்தார்.

"இந்தக் கறை எவ்வளவு வெளிறியது?" என்று என்னைக் கேட்டார்.

"ரொம்ப வெளிறியது, சிஞ்ஞோரா. கண்ணுக்கே சரியாகத் தெரியாது."

"எலுமிச்சம்பழத்தைவிட?"

"எலுமிச்சம்பழத்தைவிட."

"தகட்டில் என்ன நிறம்?"

தகட்டை எட்டிப் பார்த்தேன். கணக்கு எங்கே போகிறது என்று புரிந்துவிட்டது. ஆனால் அவர் டீச்சர். விடை மாணவன் வாயிலிருந்து வர வேண்டும். தட்டை என் பக்கமாக நகர்த்தினார்.

"கறுப்பு" என்றேன்.

"சாம்பல் இல்லையே?"

"இல்லை."

"அப்படியென்றால் என் கொள்ளுத்தாத்தாவின் எலுமிச்சைக் காலுறை?"

"கறுப்பாகத்தான் வந்திருக்கும், சிஞ்ஞோரா."

"மனிதர்களின் ஞாபகம் மாறும்" என்றார் சிஞ்ஞோரா, ஒவ்வொரு சொல்லாக. "ஆனால் வெள்ளி உப்பு மாறாது. அப்படித்தானே, தொத்தோரே?" (தொத்தோரே என்றால் டாக்டர். இங்கே மரியாதைக்கும் சொல்வார்கள், இப்படியும் சொல்வார்கள்.)

எனக்கு அந்தக் கணத்தில் வெட்கம் பாதி, ஆச்சரியம் பாதி. உண்மையைச் சொன்னால் ஆச்சரியம்தான் கொஞ்சம் அதிகம். மாதக்கணக்காக அந்தக் காலுறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவை சிவப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே காரணம், என் சொந்தச் சரக்கு, என் கண் முன்னாலேயே ஒன்பது ஓட்டையாகப் போய்விட்டது. மஞ்சளாகத்தான் இருந்தது என்று இதனால் நிரூபணமாகாது. சிவப்பும் கறுக்கும், மஞ்சளும் கறுக்கும். ஆனால் இரண்டும் கறுக்கும் என்றால், பார்த்தவர் சொன்னதை மறுப்பதற்கு நான் யார்? இதைத்தான் இயக்குநரிடம் சொன்னேன்.

இயக்குநர் வெகுநேரம் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் ஆராய்ச்சியாளர்தான். கோபத்துக்குப் பின்னாலிருந்து அந்தப் பழைய அரிப்பு எட்டிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

"இதை வாசலில் மாட்டமாட்டேன்" என்றார் கடைசியில். "உள்ளே மாட்டுவேன். பழைய படத்துக்குப் பக்கத்தில், அந்தப் பட்டையோடு. பார்க்கிறவர்கள் முதலில் பட்டையைப் பார்க்கட்டும், பிறகு தகட்டைப் பார்க்கட்டும். என்ன நடந்தது என்று அவர்களுக்கு நீங்கள் விளக்கிச் சொல்ல வேண்டும். ஒருநாள் இல்லை, கண்காட்சி முடிகிற வரைக்கும்." கொஞ்சம் நிறுத்தி, "அதற்கு உங்களுக்கு ஒப்பந்தம் வேண்டும் இல்லையா?" என்றார்.

நான் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கலில் தட்டில் இருந்த மருந்து என் சட்டைமேல் சிந்தியது. அந்தக் கறை இன்னும் போகவில்லை.

காட்சிக்கு வைக்கும் சீருடைகளுக்கு மட்டும் புதிய மஞ்சள் காலுறை போட வேண்டும் என்று முடிவானது. அன்று வீடு திரும்பும்போது பஸ்ஸில் ஜெசிந்தா அக்கா, "காலுறைக்கு மஞ்சள் சாயம் நான் கடையிலை வாங்கிப் போடுறன் தம்பி. நீங்கள் மஞ்சள்தூள் எடுக்கக் குசினிப் பக்கம் வந்தியள் எண்டால் எனக்குக் கெட்ட கோவம் வரும்" என்றார்.

மறுநாள் காலையில் அம்மாவைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்சம் கோபமாகவே சொன்னேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்க பேச்சைக் கேட்டு மஞ்சள் வைத்ததால்தான் இத்தனையும் என்கிற தொனியில். அம்மா குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டார்.

"சட்டைக்கு வெச்சியா?"

"வெச்சேன்."

"சட்டையில ஏதாச்சும் தப்புன்னு சொன்னாங்களா? தச்சது, நெறம், அளவு?"

"இல்ல. சட்டை சரின்னுட்டாங்க."

"கால்சட்டைக்கு?"

"வெச்சேன். அதுவும் சரிதான்."

"எது தப்புன்னாங்க?"

"சாக்ஸ்மா. சாக்ஸ் நெறம்."

"சாக்ஸுக்கு மஞ்ச வெச்சியா?"

"வெக்கல" என்றேன்.

"அதான்" என்றார் அம்மா. போனை மாமாவிடம் கொடுத்துவிட்டார்.

அந்த 'அதான்' எங்கள் வீட்டில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. எனக்குக் கல்யாணமாகி, மனைவி பலேர்மோ வந்து, மகளும் பிறந்து, அவள் இப்போது சிசிலி வாடை வீசும் இத்தாலியனும் அரைகுறைத் தமிழுமாகப் பேசுகிறாள். சீசாவில் பஸ் வராமல் நாங்கள் நின்றுகொண்டிருந்தால், அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்து, "பாப்பா, சாக்ஸுக்கு வெச்சியா?" என்பாள். (இத்தாலியனில் பாப்பா என்றால் அப்பா.) சாம்பாரில் உப்புக் குறைந்தால் மனைவி கேட்பாள். கிரிக்கெட்டில் தோற்றுவிட்டால் அன்ரன் அண்ணையும் போன்போட்டு, "தம்பி, நாங்கள் ஒருத்தரும் சாக்ஸுக்கு வைக்கேல்லை" என்று துக்கம் சொல்வார். பகேரியாவிலிருந்து சிஞ்ஞோரா கொஞ்செத்தா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எனக்கு ஒரு ஜோடி எலுமிச்சை மஞ்சள் காலுறை அனுப்புகிறார். கூடவே ஒரு வரியும் எழுதி அனுப்புவதில்லை. அவசியமில்லை என்று அவருக்குத் தெரியும்.

பெர்மெஸ்ஸோவை அதற்குப் பிறகு பல முறை புதுப்பித்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் குவெஸ்தூராவுக்குக் கிளம்புகிற காலையில், யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, சாக்ஸின் ஓரத்தில் ஒரு பொட்டு மஞ்சள் வைத்துக்கொள்கிறேன். இதுவரை ஒரு தடவைகூட என்னைத் திருப்பி அனுப்பியதில்லை. இது நிரூபணம் ஆகாது என்பது எனக்குத் தெரியும். நிரூபிக்க வேண்டுமானால் ஒருமுறையாவது மஞ்சள் வைக்காமல் போய்ப் பார்க்க வேண்டும். அந்த அளவுக்கு நான் விஞ்ஞானி இல்லை.